நான்கு அடுப்புகளும் ஒரு பூஜ்யமும்

இருபது வருடமாக நான் மேசையும் நாற்காலியும் செய்து வருகிறேன். திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில், கரும்பலகையில். நேரியல் திட்டமிடல் பாடத்துக்கு எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் அதே கணக்குதான்: இவ்வளவு மரம், இவ்வளவு ஆள்நேரம் இருக்கிறது, மேசை எத்தனை, நாற்காலி எத்தனை செய்தால் லாபம் அதிகம்? ஆணி அடிக்கத் தெரியாத நான் லட்சக்கணக்கில் செய்திருக்கிறேன். ஒன்றுகூட விற்காமல் தேங்கியதில்லை. கணக்கில் நாற்காலிக்குக் கால் ஆடாது என்பது ஒரு பெரிய வசதி.

இந்தத் திறமையை நம்பித்தான் என் மனைவியின் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். சேந்தமங்கலம் போகிற வழியில் அவருக்கு ஒரு ஜவ்வரிசி மில் இருக்கிறது. கொல்லிமலையிலிருந்து லாரியில் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, வந்து இறங்கும். அரைத்துப் பால் எடுத்துத் தொட்டியில் படியவிட்டால் மாவு. அதை அப்படியே களத்தில் காயவைத்தால் ஸ்டார்ச். மணியாக உருட்டி, அடுப்பில் வறுத்துக் காயவைத்தால் ஜவ்வரிசி. எதை எவ்வளவு செய்வது என்பதற்கு மச்சான் வைத்திருந்த முறை எளிமையானது. எதிர் மில்காரர் எதைச் செய்கிறாரோ, அதை ஒரு மூட்டை கூடுதலாகச் செய்வார். எதிர் மில்காரரும் இவரைப் பார்த்துத்தான் செய்துகொண்டிருந்தார் என்பது பிறகு தெரிந்தது.

நான்கு நாள் மடிக்கணினியோடு உட்கார்ந்தேன். கிழங்கு, தொட்டி, அடுப்பு, களம் என்று நான்கு கட்டுப்பாடுகள். எதற்கு அளவு கேட்டாலும், "ரவுண்டாப் போட்டுக்குங்க மாப்ள" என்பார் மச்சான். போட்டுக்கொண்டேன். விடை வந்தது. கூடவே உணர்திறன் அட்டவணையும் வந்தது. நான்கில் எது இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கிடைத்தால் லாபம் எவ்வளவு கூடும் என்று அது சொல்லும். அந்தத் தொகைக்கு நிழல் விலை என்று பெயர். பக்கத்திலேயே இன்னும் இரண்டு பத்திகள் இருக்கும்: இந்த விலை எந்த அளவு வரைக்கும் செல்லும், எங்கே செல்லாது என்று.

அந்த இரண்டு பத்திகளையும் நான் நீக்கிவிட்டேன். எதுவானாலும் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது மச்சானின் உத்தரவு. எழுத்தைச் சிறிதாக்கியிருக்கலாம். ஆனால் பெரிய எழுத்தில் என் கணக்கு எனக்கே கம்பீரமாகத் தெரிந்தது.

மச்சான் தாளின் நான்கு மூலைக்கும் மஞ்சள் தடவி, சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் படித்தார்.

"ஏன் மாப்ள, களத்துக்கு நேரா பெரிய நம்பரு இருக்குது. அடுப்புக்கு நேரா சைபருங்களே?"

"அடுப்பு நேரத்தைக் கூட்டுனாலும் லாபம் கூடாதுங்க மச்சான். இருக்கறதே மிச்சம்."

"அப்ப அடுப்பால நமக்கு ஒண்ணுமில்லீங்க."

இல்லை, இன்னொரு அடுப்பு வேண்டாம் என்றுதான் அதற்கு அர்த்தம். இருக்கிற அடுப்பு வேண்டாம் என்பதல்ல. ஒன்றை நிறுத்தலாம். இரண்டாவதை நிறுத்தினால் அந்தப் பூஜ்யம் பூஜ்யமாக இருக்காது. முதல் வருட மாணவனிடம் இதைக் கேட்டு மதிப்பெண் குறைத்திருக்கிறேன். ஆனால் மச்சான் அதற்குள் போனை எடுத்து யாரிடமோ, "எங்கூட்டு மாப்ள கம்ப்யூட்டர்ல போட்டுக் குடுத்திருக்காருங்க" என்று ஆரம்பித்துவிட்டார். எனக்கு இளநீர் வந்தது. குடித்தேன்.

அடுத்த பத்தாவது நிமிடம் அடுப்புக் கொட்டகையில் நின்றோம். நான்கு அடுப்பு, அடுப்புக்கு ஒரு பெண். "ரெண்டு அடுப்புப் போதும்னு கணக்கு வந்திருச்சு" என்றார் மச்சான். இரண்டு என்று என் தாளில் எங்கும் இல்லை. நாளையிலிருந்து வரவேண்டாம் என்று அவர் சொன்ன இருவரும் ஓரகத்திகள், ஒரே வீட்டில் உலை வைக்கிறவர்கள். போன மாதம் கொட்டகைக்கு மின்விசிறி கேட்டவர்களும் அவர்கள்தான். இந்த விவரம் என் நான்கு கட்டுப்பாடுகளில் எதிலும் இல்லை. மூத்தவர், என் வயது இருக்கும், மச்சானைப் பார்க்கவில்லை; என்னைப் பார்த்தார். நான் அடிக்காத போனை எடுத்துப் பார்த்தேன்.

வறுக்காத ஈர மணி முதல் நாள் ஓரமாகக் குவிந்தது. இரண்டாம் நாள் புளித்த வாடை கேட் வரைக்கும் வந்தது. மூன்றாம் நாள் மொத்தமும் மாட்டுத்தீவனத்துக்குப் போனது. மச்சான் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாப்பிள்ளையைத் திட்டுகிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. யாரையாவது திட்டித்தானே ஆகவேண்டும். மிச்சமிருந்த இரண்டு பெண்களுக்கும் கை ஓட்டம் பத்தவில்லை என்று அவர்களைத் திட்டினார். அப்போதுதான் எனக்கு என்மேல் அருவருப்பு வந்தது. விட்டுப்போன பத்திகளை அச்செடுத்துக் கொண்டுபோய் அவரிடம் காட்டினேன். அவர் படிக்கவில்லை. "செரி, நீங்களே போய் அந்த ரெண்டு பேரையும் கூட்டிட்டு வந்துருங்க" என்றார்.

மறுநாள் விடிகாலையில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். இருவரும் வேலைக்குக் கிளம்பத் தயாராக இருந்தார்கள். திங்கட்கிழமையிலிருந்தே ராசிபுரம் பக்கம் ஒரு மில்லுக்குப் போகிறார்களாம். விடிவதற்கு முன்னால் எழுந்தால்தான் வேனைப் பிடிக்க முடியுமாம். நான் அந்தத் தாளை விரித்து, எந்த அடுப்பு வரைக்கும் பூஜ்யம், எங்கே அது மாறுகிறது என்று மூத்தவருக்கு விளக்கினேன். வகுப்பில்கூட அவ்வளவு தெளிவாக நான் சொன்னதில்லை. அவருக்கு உடனே புரிந்தது. இருபது வருடத்தில் அவ்வளவு சீக்கிரம் யாருக்கும் புரிந்ததில்லை.

"ஏனுங்க சார், இது மொதலாளி எங்கள வேலைய விட்டு நிக்கச் சொன்ன அன்னைக்கே உங்களுக்குத் தெரியுங்களா?"

"தெரியுங்க" என்றேன்.

வேன் ஹாரன் கேட்டது. அவர் மதியச் சோற்றுத் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டார்.

"அப்ப அங்கயே சொல்லியிருக்கோணுங்க சார். எங்களுக்கு எதுக்குங்க வெளக்கறீங்க?"