நாலாவது யூனிட்டின் கீழே

ஏற்காட்டில் ஏசி எதற்கு என்று சேலத்து உறவினர்கள் எல்லோரும் என்னைக் கேட்டிருக்கிறார்கள். நான் பராமரிப்பு மேற்பார்வையாளராக இருக்கும் ஓட்டலின் மண்டபத்தில், ஒரு கல்யாணத்து மத்தியானத்தில் வந்து உட்கார்ந்தால் கேட்க மாட்டார்கள். ஜன்னலே இல்லாத மண்டபம். அதைக் குளிர வைக்க மொட்டை மாடியில் ஆறு யூனிட்டுகள், ஒவ்வொன்றும் ஓர் ஆட்டோவைவிடப் பெரியது. மழையும் மூட்டமும் அவற்றின் தகரத்தைத் தின்றுவிட்டிருந்தன. ஆறையும் மாற்றுவது என்று முடிவானபோது எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் அன்றிலிருந்து தூக்கம் கெட்டது.

காரணம் நாலாவது யூனிட். இரண்டு மழைக்காலங்களுக்கு முன் அதற்கு நேர் கீழே மண்டபத்துக்குள் தண்ணீர் சொட்டியது. ஃபால்ஸ் சீலிங் பலகையைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். கான்கிரீட் உரிந்து, துருவேறிய கம்பி வெளியே தெரிந்தது. மறுநாள் ஒரு நிச்சயதார்த்தம். கொத்தனாரை வைத்துச் சுரண்டி, சிமெண்ட் பூசி, பலகையை மூடினேன். பதிவேட்டில் ‘ஒழுகல் சரிசெய்யப்பட்டது’ என்று எழுதினேன். சீசன் முடிந்ததும் மேனேஜரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். சீசன் முடிந்தபோது, ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்பாரே என்ற பயம் வந்துவிட்டது. இப்போது புதிய யூனிட்டுகளுக்காக, தளம் உறுதியாக இருக்கிறது என்ற படிவத்திலும் நானே கையெழுத்துப் போட்டிருந்தேன்.

அடிவாரத்திலிருந்து விடியும் முன் கிளம்பிய கிரேன், கொண்டை ஊசி வளைவுகளில் நின்று நின்று ஏறி, காலை ஒன்பது மணிக்கு வந்து சேர்ந்தது. ஆபரேட்டர் நரைத்த மீசைக்காரர், அதிகம் பேசாதவர். மாடியில் நானும் ஏசி கம்பெனி இன்ஜினியரும் நின்றோம். கையில் வாக்கி டாக்கி. முதல் மூன்று யூனிட்டுகளும் ஒரு குறையுமில்லாமல் மாறின.

நாலாவது பழைய யூனிட் மேலே எழும்பியதும் அதன் பீடத்தின் ஒரு மூலை பொடிந்து விழுந்தது. இன்ஜினியர் காலால் தட்டிப் பார்த்தார்.

“பூச்சுதாங்க உதிருது. தளம் நல்லாத்தான இருக்கு? நீங்கதான கையெழுத்துப் போட்டீங்க?”

“ஆமாங்க,” என்றேன்.

பழையதை இறக்கிவிட்டுப் புதியதைத் தூக்கினார்கள். அது பழையதைவிடக் கனம். கைப்பிடிச் சுவரைத் தாண்டி என் தலைக்கு மேல் வந்தபோது ஏரிப் பக்கமிருந்து மூட்டம் ஏறியது. ஒரு நிமிடத்தில் கிரேனின் கை பாதிக்கு மேல் தெரியவில்லை.

“ஏனுங்க மேடம், எனக்கு ஒண்ணும் தெரியலீங்க. நீங்க சொல்ற இடத்துல எறக்கறேன்,” என்றது வாக்கி டாக்கி.

நாளை மறுநாள் கீழே ஒரு கல்யாணம். பந்தியில் உட்காரும் குழந்தைகள் கண்ணுக்குள் வந்தார்கள்.

“எறக்காதீங்க! தளம் தாங்காதுங்க!”

இன்ஜினியர் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தார். “செரிங்க. அப்படியே நிக்கட்டும். கீழ இருக்கற ஆளுகள நவுத்துங்க,” என்றார் ஆபரேட்டர்.

கிரேனின் கைக்கு அடியில், கீழே சலவைக்கூடத்துப் பெண்கள் துணி காயப்போடும் முற்றம். ஓடிப்போய் அவர்களை உள்ளே அனுப்பினேன். அண்ணாந்தால் வெள்ளை மட்டும்தான். அதற்குள் எங்கோ அந்தப் பெட்டி. அதைக் கட்டித் தூக்கிய பெல்ட் கிரீச்சிடும் சத்தம் மட்டும் கேட்டது. கால் மணி நேரமோ அரை மணி நேரமோ, தெரியாது. மூட்டம் கிழிந்த ஒரு இடைவெளியில் ஆபரேட்டர் அதை அங்குலம் அங்குலமாகத் தரைக்குக் கொண்டுவந்தார். கேபினிலிருந்து இறங்கி, தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். அவர் நேராக மண்டபத்துக்குள் நடந்தார். ஏணி போட்டுப் பலகையைக் கழற்றி, என் பூச்சின் மேல் சுத்தியலால் ஒரே ஒரு தட்டு. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு கான்கிரீட் துண்டு தரையில் விழுந்து உடைந்தது.

“ரெண்டு வருஷமா இதுக்கடியிலயா சோறு போட்டுக்கிட்டிருந்தோம்?” என்றார். கோபப்பட்டிருந்தால் தேவலை. அவர் முகம் வெளுத்திருந்தது.

அன்றே மண்டபத்தைப் பூட்டினோம். கல்யாண வீட்டாருக்கு நானே போன் செய்தேன். பெண்ணின் அம்மா, “நொம்பக் கலங்கிட்டேனுங்க. செரி, புல்வெளியில பந்தல் போட்டுக் குடுங்க,” என்று சொல்லிவிட்டு அழுதார். கட்டட இன்ஜினியர் வந்து பார்த்து, தூணுக்குத் தூண் இரும்பு உத்திரம் போட்டு, எடை தளத்தில் ஏறாமல் யூனிட்டை அதன்மேல் நிறுத்தச் சொன்னார். மண்டபம் திறக்க இரண்டு மாதம் ஆனது.

என்னை வேலையை விட்டு நீக்கவில்லை. நடந்ததை எழுதித் தரச் சொன்னார்கள். கொத்தனார் பெயரை இழுக்காமல் எழுதிக் கொடுத்தேன். இப்போதெல்லாம் மேனேஜர் என் அறிக்கைகளைப் படித்துவிட்டு, தானும் ஒருமுறை மாடியேறிப் பார்க்கிறார். கூடவே நானும் ஏறுகிறேன். அவர் குனிந்து பார்க்கும் முன்பே, ஒவ்வொரு பீடத்தையும் நானே சுத்தியலால் தட்டிக் காட்டுகிறேன்.