தசமிவரை ஒரு கட்டுரை

அன்று காலை ஆய்வுக்கூடத்துக் கணினித் திரையில் அந்தக் கட்டுரை வரிவரியாக ஏறியது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. டெலிபோன் லைனில் வரும் இணையம். நின்று நின்றுதான் வரும். முதலில் தலைப்பு, பிறகு மூன்று வெளிநாட்டுப் பெயர்கள், பிறகு சுருக்கம். அதன் இரண்டாவது வரியிலேயே என் சீனியர் நாற்காலியைத் தடவித் தேடி உட்கார்ந்துவிட்டார்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். காஞ்சிபுரத்துக்கு வெளியே ஒரு கல்லூரியில், குவாண்டம் கணினி ஆராய்ச்சி என்று சொல்லிக்கொண்டு நாங்கள் இருவர் இருந்தோம். நான் ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருவேன். அவர் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து சைக்கிளில். அப்படியொரு கணினியை இருவருமே கண்ணால் கண்டதில்லை. கரும்பலகையும் சாக்பீசும்தான் எங்கள் கருவிகள். குவாண்டம் கணினியில் தகவலைத் தாங்கும் க்யூபிட், சுற்றுப்புறம் லேசாகத் தீண்டினாலே கெட்டுப்போகிற சமாச்சாரம். கெட்டதா என்று நேராகப் பார்க்கவும் கூடாது, பார்த்தால் மிச்சமும் போய்விடும். பார்க்காமலே பிழையைத் திருத்தச் சிக்கனமான ஒரு வழியை சீனியர் கண்டுபிடித்திருந்தார். பல வருட உழைப்பு. அவருடைய ஆய்வு உதவித்தொகை முடியும் தறுவாயில் இருந்தது. அந்த வழியை விளக்கும் அவருடைய கட்டுரை முந்தி வெளிவந்தால்தான் நீட்டிப்பார்கள்.

கட்டுரை தயாரானது ஓர் அஷ்டமியன்று. கோயில் கைங்கரியக் குடும்பம் அவருடையது. அப்பா இல்லை, அம்மா மட்டும். நாள் பார்க்காமல் அந்த வீட்டில் எதுவும் தொடங்காது. "இத்தனை வருஷம் காத்துண்டிருந்தே, அஷ்டமி நவமி போகட்டுமேடா கண்ணா. தசமியன்னைக்கு அனுப்பு" என்றாராம் அம்மா. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

"இன்னா சார் இது? எவனாவது முந்திக்கினா இன்னா பண்ணுவீங்க? உங்க பெருமாளே அஷ்டமியிலயும் நவமியிலயும்தானே பொறந்தாரு?"

சிரித்தார். "அவருக்கு யாரையும் முந்த வேண்டாமேப்பா. அம்மா எங்கிட்ட இதுவரைக்கும் ஒண்ணுமே கேட்டதில்லை. ரெண்டு நாள்தானே."

நவமியன்று அந்த மூவரும் வெளியிட்டுவிட்டார்கள். தசமி காலையில் அனுப்ப உட்கார்ந்தபோதுதான் பார்த்தோம். அதே வழி, ஏறக்குறைய அதே சமன்பாடுகள். எங்களுடையதையும் அனுப்பினோம், புதிதாக ஒன்றுமில்லை என்று திருப்பினார்கள். நீட்டிப்பும் போயிற்று. எங்கள் துறையில் இரண்டாவதாகக் கண்டுபிடித்தவனை யாரும் கணக்கில் வைப்பதில்லை. அதைக் கொடுமை என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

"அம்மாகிட்ட மூச்சு விடாதே" என்று மட்டும் என்னிடம் கேட்டுக்கொண்டார். கட்டுரை நல்லபடியாகப் போய்விட்டது, கல்லூரிதான் ஆராய்ச்சியை மூடிவிட்டது என்று வீட்டில் சொல்லிவிட்டார். பிறகு சென்னையில், யாரோ எழுதிய மென்பொருளில் பிழை தேடும் வேலை. பார்க்கும்போதெல்லாம் இளைத்துக்கொண்டே வந்தார். குவாண்டம் என்று நான் பேச்செடுத்தால் "விடுப்பா" என்பார். மின்சார ரயிலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தபோது அவருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. இப்போது செய்தித்தாளில் குவாண்டம் கணினி என்று பார்த்தாலே எனக்கு அவர் முகம்தான் வருகிறது.

துக்கம் கேட்கப் போனபோது, அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அழுது ஓய்ந்த குரலில் பேசினார்.

"அவனுக்கு எதுவுமே கூடி வரலையேப்பா. அந்த ஒரு பேப்பரையாவது நல்ல நாள் பார்த்து அனுப்ப வெச்சேன். நான் அவனுக்குப் பண்ணின ஒரே உபகாரம் அதுதான். இல்லையாப்பா?"

"ஆமாம்மா" என்றேன்.