மேல்வீட்டு நடிகை நீதிபதியான நாள்

மொன்றியலின் அஹுன்ட்சிக் பகுதியில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் ஒரு நடிகை இருந்தார். பொய்யில்லை, படங்களில் நடித்த அசல் நடிகை. ஹங்கேரியில் பிறந்து, இளம் வயதில் எல்லையை நடந்தே கடந்து மொன்றியலுக்கு வந்தவர். அவருடைய பிரெஞ்சில் ஹங்கேரி இழுவை போகவேயில்லை. அதனால் எந்தப் படத்திலும் வெளிநாட்டுக்காரிதான்: முதலில் காதலி, பிறகு உளவுக்காரி, கடைசியில் பொல்லாத மாமியார். நான் ஐந்து வரை எண்ணினால் அவருடைய இடது கண்ணில் மட்டும் கண்ணீர் வரும். அடேயப்பா! ஒன்பது வயதில் எனக்கு, சாமியே மேல்மாடியில் குடியிருப்பதுபோல இருந்தது.

அம்மாவுக்கோ அழ வராது. அதுதான் பிரச்சினை. எங்கள் அகதி வழக்கு அடுத்த கிழமை. தோற்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். யாழ்ப்பாணத்தில் அப்பாவைப் பிடித்துக்கொண்டுபோன கதையை அம்மா யாரோ வீட்டுக் கதைபோலச் சொல்வார்.

"கொஞ்சம் உணர்ச்சியோடை சொல்லுங்கோ அக்கா," என்று எங்கள் தமிழ் லோயர் கெஞ்சினார்.

"அழுதா எனக்குக் கதைக்க ஏலாது தம்பி," என்றார் அம்மா.

அழுகை பழக மேல்வீட்டை விட்டால் வேறு இடமேது? அம்மா இடியப்பமும் சொதியும் எடுத்துக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு மேலே போனார். மொழிபெயர்ப்பு என் வேலை. பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சில் என்னை வெல்ல ஆளில்லை என்ற கொழுப்பு எனக்கு நிறையவே இருந்தது.

நடிகை கறுப்புக் கோட்டை மாட்டி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மேசைக்குப் பின்னால் நீதிபதியாக உட்கார்ந்தார். அவ்வளவுதான், எங்களுக்குத் தெரிந்த மனுஷியைக் காணோம். குரல்கூட வேறு.

"படிப்பிச்ச பள்ளிக்கூட வாசலிலை வைச்சுத்தான் அவரைப் பிடிச்சவங்கள்," என்றார் அம்மா. "இவள் அப்ப கைக்குழந்தை. மூண்டாம் நாள் சந்தையடியிலை கிடந்தார். உடுப்பை வைச்சுத்தான் அடையாளம் கண்டனான்."

முகமே எனக்கு நினைவில்லாத அப்பா. எத்தனையோ தரம் காதில் விழுந்த வரிகள். வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோலக் கணீரென்று பிரெஞ்சில் சொல்லி முடித்தேன்.

நடிகை கண்ணாடியைக் கழற்றினார். இரண்டு கண்களிலிருந்தும் பொலபொலவென்று கண்ணீர். நான் எண்ணவேயில்லையே! என்ன நடிப்பு என்று அசந்துபோய்க் கைதட்டினேன். அம்மா என் கைகளைப் பிடித்து அமர்த்தினார்.

நடிகை என் முகத்தையே பார்த்துக்கொண்டு ஏதோ சொல்லி, அதை அம்மாவிடம் சொல்லச் சொன்னார். ஒரு சொல் விடாமல் சொன்னேன்.

"நீங்கள் அழத் தேவையில்லையாம் அம்மா. இப்பிடியே சொன்னாக் காணுமாம். ஆனா இனி இதைப் பிள்ளையின்ரை வாயாலை சொல்ல வைக்க வேண்டாமாம்."

அடுத்த கிழமை அம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் சொல்லித்தான் வழக்கை வென்றார். ஆனால் நான் அதைச் சொன்ன அன்று, மேல்வீட்டில், என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிலத்தில் குந்தி, குரலெடுத்து அழுதார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எந்தச் சொல்லைப் பிழையாக மொழிபெயர்த்தேன் என்றுதான் பயந்துகொண்டிருந்தேன்.