காய்ந்த மாலையோடு ஸ்கேன் அறை வாசலில்

அந்த மூன்று நாட்களை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

என் கணவரின் இடது சிறுநீரகத்தில் இருந்த கல்லைச் செங்கல்பட்டில் அதிர்வலை கொடுத்து உடைத்தார்கள். அன்றே கூடுவாஞ்சேரி வீட்டுக்கு வந்துவிட்டோம். மறுநாள் சிறுநீரை வடிகட்டியபோது மணல்போல் துகள்கள் வந்தன. மகிழ்ந்தேன். ஆனால் அவருக்கு இடுப்பு வலி கூடிக்கொண்டே போனது. ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கேட்டேன்.

"இன்னாமா பேஜாரு பண்ற? கல்லு வந்துகினு கீது, வலிக்காதா?" என்றார்.

நம்பினேன். வலி கூடினால் உடனே வரச்சொல்லி மருத்துவமனையில் கொடுத்த தாள் ஃபிரிட்ஜ் மேலேயே கிடந்தது. படித்தவள்தான் நான்.

என் மனம் வேறு பக்கம் ஓடியது. திருமணம் கூடிவர வேண்டித் திருவிடந்தைப் பெருமாள் கோயிலை மாலையோடு சுற்றியவள் நான். மணமானதும் கணவரோடு அதே மாலையைக் கொண்டுபோய் மறுபடி சுற்ற வேண்டும். நான்கு வருடமாகத் தள்ளிப்போட்டிருந்தேன். அந்தக் குறைதான் வலியாக வந்திருக்கிறது என்று நினைத்தேன். மூன்றாம் நாள் காலை, காய்ந்த மாலையை எடுத்துக்கொண்டு, அவரையும் இரண்டு வயது மகளையும் காரில் கூட்டிப்போனேன்.

மூன்றாவது சுற்றில் அவர் மதிலைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். உதடெல்லாம் வெளுத்திருந்தது. துளசி விற்கும் அம்மா ஓடிவந்தார்.

"மூஞ்சில ரத்தமே இல்ல, இன்னாத்துக்கு சுத்த வுட்ற? பெருமாள் எங்கியும் போவ மாட்டாரு. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போ!"

செங்கல்பட்டில் உடனே சி.டி. ஸ்கேனுக்குக் கொண்டுபோனார்கள். "எத்தனை நாளா வலி?" என்று மருத்துவர் கேட்டார். "மூணு நாளா," என்றேன்.

சிறுநீரகத்தைச் சுற்றி ரத்தம் கட்டியிருப்பதாகச் சந்தேகம். இன்னும் கசிந்தால் உயிருக்கே ஆபத்து என்றார்கள். அறை வாசலில் மாலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மகள் அதன் காய்ந்த இதழ்களை உதிர்த்துக்கொண்டிருந்தாள். "பெருமாளே, புத்தி கெட்டவள் நான். அவரை விட்டுவிடு. கசிவு நிற்கட்டும்." வேறு மந்திரம் எதுவும் வாயில் வரவில்லை.

மருத்துவர் வெளியே வந்தார். "ரத்தம் கட்டியிருக்கும்மா. ஆனா கசிவு நின்னுடுச்சு."

அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

ரத்தம் ஏற்றினார்கள். ஒரு வாரம் படுக்கையில் இருந்தார். பிறகு எடுத்த ஸ்கேனில் ரத்தக்கட்டு சுருங்கியிருந்தது. சிறுநீரகம் பிழைத்தது.

வேகத்தடைகளில் கார் குலுங்கியபோதுதான் அதிகம் கசிந்ததோ? கோயிலுக்குப் போகாமல் இருந்திருந்தால், கல் வலி என்றே வீட்டில் கிடத்தியிருப்பேனோ? தெரியவில்லை. இன்றும் அவர் எழுந்ததும் முதலில் உதட்டின் நிறத்தைத்தான் பார்க்கிறேன்.

சென்ற மாதம் திருவிடந்தைக்குப் போய் மீதிச் சுற்றுகளை முடித்தோம். துளசி விற்கும் அம்மாவைத்தான் முதலில் கும்பிட்டேன்.

அன்பானவர்களே, பெருமாளை முழுதாக நம்புங்கள். ஆனால் வலி என்றால் முதலில் மருத்துவமனைக்கு ஓடுங்கள். அந்த வாசலிலும் நம் வேண்டுதலை அவன் கேட்கிறான்.