நூக்க வேண்டாம்

லைவ் ஸ்ட்ரீம் பதிவு செய்கிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். ஸ்டாப் பட்டனை அழுத்தும் வரை உங்கள் கையில் எதுவுமே இல்லை. எது எங்கே தொடங்குகிறது என்ற இன்டெக்ஸை சாஃப்ட்வேர் கடைசியில்தான் எழுதும். நடுவில் கரண்ட் போனால் பைல் இருக்கும், ஆனால் திறக்காது.

சண்டையால் யாழ்ப்பாணப் பாதை மூடிக்கிடந்த காலம். மலையகத்தில், ஹட்டனில் என் ஸ்டூடியோவுக்கு ஓர் ஆசிரியர் வந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகிப் புதிதாக வந்தவர். கனடாவில் அவருடைய அண்ணன் இறந்துவிட்டார். இறுதிச் சடங்கை இன்டர்நெட்டில் லைவாகக் காட்டுவார்கள், ஒரே ஒரு தடவை மட்டும்.

"அம்மா ஊரில தனிய இருக்கிறா. அவவுக்கு அண்ணான்ர முகத்தைக் காட்ட வேணும். பதிஞ்சு தருவியளோ?"

"கட்டாயம் எடுத்துத் தாறேங்க சேர், கவலப்படாதீங்க" என்றேன். வாய் மட்டும் எனக்கு எப்போதும் பெரிது.

அன்று மாலை ரெக்கார்டிங்கை ஓடவிட்டு, ஒரு கல்யாண ஆல்பத்தைக் கொடுக்க வட்டவளைக்குப் போனேன். கடையில் என் மனைவி செல்வியும் ஆசிரியரும் இருந்தார்கள். திரையில் பெட்டியைக் கொண்டுவந்து வைத்ததும் அவரால் பார்க்க முடியவில்லை. "தங்கச்சி, இதை நூக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றார்.

யாழ்ப்பாணத்தில் நூக்கிறது என்றால் அணைப்பது. செல்விக்கு அது எப்படித் தெரியும்? யாழ்ப்பாணத்தார் செந்தமிழ்தான் பேசுவார்கள் என்பது எங்கள் ஆட்களின் நினைப்பு. 'நோக்க வேண்டாம்' என்கிறார், யாரும் பார்க்கக்கூடாது போல என்று எடுத்துக்கொண்டாள். போட்டோகாப்பி எடுக்க வந்தவர்கள் வேறு திரையை எட்டி எட்டிப் பார்த்தார்கள். சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டிவிட்டாள். மொனிட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் அந்த ஒரே சுவிட்ச்தான். அப்படி வயர் இழுத்து வைத்த மகராசன் நான்.

திரும்பி வந்தபோது செல்வி அழுதுகொண்டிருந்தாள். "செத்தவங்கள வேடிக்க பாக்குறாங்களேன்னுதாங்க அமத்துனேன்" என்றாள்.

ஆசிரியர் ஏசவில்லை. "நான்தான் விளங்கிறமாதிரிச் சொல்லியிருக்க வேணும்" என்றார். அதுதான் இன்னும் வலித்தது.

அந்த பைலோடு ஒரு வாரம் மல்லுக்கட்டினேன். முதலில் சோதனைக்காக அதே செட்டிங்கில் எடுத்த ஒரு சின்னப் பதிவு நல்ல நிலையில் இருந்தது. ரிப்பேர் சாஃப்ட்வேரில் அதை மாதிரியாகக் கொடுத்து, கெட்ட பைலுக்குப் புது இன்டெக்ஸ் கட்டினேன். கடைசியில் ஓடியது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பூக்கள், கறுப்பு கோட் போட்ட பேரப்பிள்ளைகள், மூடிய பெட்டி. மூடியில் ஒருவர் கை வைக்கிறார். அதோடு சரி, முகம் வரவேயில்லை.

இருப்பதாவது இருக்கட்டும் என்று சிடியில் அடித்துக் கொடுத்தேன். விடுமுறையில் கப்பலேறி ஊருக்குக் கொண்டுபோனார்.

திரும்பி வந்தவரிடம், "அம்மா பாத்தாங்களா சேர்?" என்று கேட்டேன்.

"பாத்தவ. பெட்டி திறக்கேல்லைத்தானே எண்டு கேக்கிறா. அதுக்குள்ள அவன் இல்லையாம். கோல் எடுப்பான் எண்டு போனடியிலேயே இருக்கிறா."

கெட்டுப்போன எத்தனையோ பைல்களைத் திறந்து கொடுத்திருக்கிறேன். அந்த ஒன்றைத் திறக்காமலே விட்டிருக்கலாம்.