அம்மாக்கள் அடைகாத்த ஆண்டு

மெக்சிகோவின் சாந்தா அனாவில் வேன் ஓட்டும் ஃபிதென்சியோ சவிராவுக்கு ஐம்பத்தேழு வயது. தாய்மொழி நவாத். பள்ளியில் அதைப் பேசியதற்காகப் பிரம்படி வாங்கியவர், அதன்பிறகு அந்த மொழியில் வாய் திறக்கவில்லை. பெற்ற மகளிடம்கூட ஸ்பானியம்தான். அந்தக் காலத்தில் நவாத் பேசிய அஸ்தேக்குகள் என்றால் அவருக்குப் பாடப்புத்தகத்துக் கோபுரமும் ரத்தமும் தோற்றுப்போன ராஜாவும்தான். அவர்கள் யாரோ, தான் யாரோ.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி ருத்திலியா அவரை ஊர் நூலகத்துக்கு இழுத்துப்போனாள். நானூறு வருஷத்துக்கு முன் அந்தப் பக்கத்து ஆள் ஒருவர் நவாத்தில் எழுதிவைத்த ஊர்க்குறிப்பை நொயேமி டீச்சர் எல்லோருக்கும் படித்துப் பொருள் சொல்கிறாராம்.

"நான் வந்து என்ன பண்ண?"

"சோளக்கஞ்சி குடி. சும்மாதான் தர்றாங்க."

கல்லூரியில் நவாத் கற்றவர் டீச்சர். உறைபனியில் சோளம் கருகியது என்பதுவரை சரளமாக வந்து, அடுத்த வரியில் நின்றுவிட்டார்.

"பச்சோவான்னு இருக்கு. கோழி முட்டைமேல உக்கார்றதுன்னு அகராதி சொல்லுது. அம்மாக்கள் எதுக்குங்க முட்டைமேல உக்காரணும்?"

கூடமே சிரித்தது. ஃபிதென்சியோ சிரிக்கவில்லை.

"முட்டை இல்ல டீச்சர், பிள்ளைங்க. குளிர் வந்தா எங்கம்மா, 'வாடா, அடைகாக்கிறேன்'னு கூப்பிடுவாங்க. சால்வைக்குள்ள இழுத்து வயித்தோட அணைச்சுக்குவாங்க."

டீச்சர் தாளை அவரிடம் நீட்டினார். "நீங்களே படிங்கய்யா."

ஸ்பானிய எழுத்தில்தான் இருந்தது; எழுத்துக்கூட்டிப் படித்தார். 'சோளம் கருகியது. அம்மாக்கள் பிள்ளைகளை அடைகாத்தார்கள். பாதிப் பேர் பிழைத்தோம்.'

பிழைத்தோம். அப்படியானால் எழுதியவரும் அந்தச் சால்வைக்குள் கிடந்த பிள்ளைதான். அப்படிப் பிழைத்தவர்களில் யாரோ ஒருவரின் வழியில்தானே தானும் வந்திருக்க வேண்டும்? ஃபிதென்சியோ தாளின் அடியில் பெயரைத் தேடினார்.

"இவர் பேரென்ன டீச்சர்?"

"பேர் போடலைங்க."

"மகராசன், நல்லா இருக்கட்டும். எங்கம்மாவை நேர்ல பாத்த மாதிரி எழுதியிருக்காரே."

ருத்திலியா அவர் முகத்தைப் பார்த்தாள். "என்னய்யா, கஞ்சி ரொம்பச் சூடோ? கண்ணுல தண்ணி?"

"ஆமா, சுட்டிருச்சு."

அன்று மாலை புவெப்லா நகரில் இருக்கும் மகளுக்குப் போன் செய்து நவாத்திலேயே பேசினார். அவள் பயந்துபோய், "அப்பா, உடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதா?" என்றாள். நெடுநேரம் சிரித்தார்.

அடுத்த ஞாயிறு நூலக வாசலில் அவர் வேன் வந்து நின்றது. மேலத்தெருப் பெண்கள் ஆறு பேர் சத்தமாகப் பேசிக்கொண்டே இறங்கினார்கள். யாரிடமும் அவர் கட்டணம் கேட்கவில்லை.

"இவங்கெல்லாம் என்னைவிட நல்லாப் பேசுவாங்க டீச்சர்," என்றார். "எங்கெங்க சிக்குதோ கேளுங்க."