கட்டத்துக்குள் மறைந்த குடும்பம்

மூன்று வருடங்களுக்கு முன், பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நான் டைப்பிங், போட்டோகொப்பி கடை நடத்திக்கொண்டிருந்தபோது நடந்தது இது. அந்த வருட ஐப்பசி மழையில், அப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயங்களுக்கு மேலே மலை வெடித்து, சரியும் நிலையில் இருந்தது. அங்கே இருக்கும் குடும்பங்களுக்கு வேறிடத்தில் வீடு கொடுக்க அரசாங்கத்தில் பெயர் கேட்டிருந்தார்கள். தோட்டத் தலைவர் கையால் எழுதிய பட்டியலை என்னிடம் அடிக்கக் கொடுத்தார்.

லயத்தின் ஒவ்வோர் அறைக்கும், அதாவது காம்பராவுக்கும், ஒரு வரி என்று கட்டம் போட்டு அடித்தேன்; பதின்மூன்று பக்கம் வந்தது. எனக்கு என் வேலையில் கொஞ்சம் கர்வம் உண்டு. தலைப்பு வரி எல்லாப் பக்கத்திலும் வரச் செய்தேன். ஒரு காம்பராவின் விவரம் பாதி இந்தப் பக்கம், பாதி அடுத்த பக்கம் என்று உடைந்ததுதான் கண்ணை உறுத்தியது. எல்லா வரிக்கும் ஒரே உயரத்தை இறுக்கிவைத்தேன். உடனே பக்கத்துக்கு இருபது வரி என்று கணக்காக நின்றது. அச்சில் பார்க்க லட்சணமாக இருந்தது. தலைவரும் சந்தோஷமாக வாங்கிப் போனார்.

இரண்டு நாள் கழித்து, நனைந்த குடையோடு ஒரு பெண் வந்தாள். இடுப்பில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"காலையில வேலைக்குப் பேரு கூப்பிடுற பெரட்டுல, நீங்க அடிச்ச பட்டியலத் தலைவரு வாசிச்சாருங்க மிஸ். எங்க பேரு வரல. அவரு எழுதுறப்ப நான் பக்கத்துலதான் நின்னேன்."

எனக்குச் சுருக்கென்றது. இருந்ததைத்தான் அடித்தேன், அவரிடமே போய்க் கேளுங்கள் என்றேன், கொஞ்சம் கடுமையாகவே. அவள் நகரவில்லை.

"ஆபீஸ்ல குடுத்தாச்சுங்களாம். நாளைக்கு முடிவு பண்றாங்க. ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க."

தப்பு என்னுடையதல்ல என்று காட்டத்தான் கணினியில் பட்டியலைத் திறந்தேன். அவள் சொன்ன காம்பராவில் மாமனார், மாமியார் பெயர்கள் மட்டும் இருந்தன. அந்தக் கட்டத்துக்குள் கேர்சரை வைத்துக் கீழே நகர்த்தினேன். அது கோட்டுக்கு அடியில் போய்க் காணாமல் போனது. உயரத்தைத் தளர்த்தியதும் கட்டம் விரிந்தது. மாமியார் பெயருக்குக் கீழே அவள் புருஷன், அவள், அந்தப் பிள்ளை.

லயத்தில் மகன் கல்யாணம் முடித்தாலும் அதே காம்பராவில் ஒரு மறைப்பைக் கட்டிக்கொண்டுதான் குடும்பம் நடத்துவான். தலைவரும் இரண்டு குடும்பத்தையும் ஒரே கட்டத்தில் எழுதியிருந்தார். நானும் லயத்தில் பிறந்தவள்தான். எனக்குத் தெரியாத விஷயமா அது?

அவள் திரையைக் குனிந்து பார்த்தாள்.

"அப்ப இத்தன நாளும் நாங்க உள்ளுக்குள்ளதான் இருந்தோமாங்க?"

மற்றக் கட்டங்களையும் விரித்துத் தேடியபோது, அப்படி மறைந்த குடும்பங்கள் இன்னும் ஆறு இருந்தன. புதிதாக அச்செடுத்து, கடையைப் பூட்டிவிட்டு, அவளோடு அலுவலகத்துக்குப் போனேன். தவறு முழுக்க என்னுடையது என்று அதிகாரியிடம் சொன்னேன். அவர் நன்றாகத் திட்டினார். பிறகு தலைவருக்குப் போன் போட்டு விசாரித்துவிட்டு, பழைய பட்டியலை எடுத்துப் புதியதை வைத்துக்கொண்டார். அவள் என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இப்போதெல்லாம் பக்கம் எப்படி உடைந்தாலும் விட்டுவிடுகிறேன், அச்செடுத்ததும் கைப்பிரதியோடு பெயர்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கிறேன். வெடித்த மலைக்குக் கீழே தூங்கிய ஒரு குழந்தையை, பக்கம் அழகாக இருக்கவேண்டும் என்பதற்காக நானும் ஒரு கோட்டுக்குக் கீழே புதைத்திருந்தேன்.